மூன்று ஊர் 'அதிகம்'

மலேசியக் கடலோரம், பாகான் டத்தோவில் மதகு ஒரு நாள் தாமதமாகத் திறந்தது. அங்கே பிலோமினா வைத்த தென்னங்கன்றில் பாதி அழுகிப் போனது. முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டியது எங்கள் கம்ப்யூட்டர். அதற்கு ஊர் ஊராய்ப் போய் விவரம் சேர்ப்பது என் தொழில். பத்துப் பேரிடம் கேட்டு ஒரே பதில் எழுதும் வேலை பார்த்தவர்களுக்கு நான் மேலே சொல்லவே வேண்டாம்.

பூட்டின அலமாரி

தோட்டத்தில் முப்பது வருடம் தண்ணீர் பம்ப் பார்த்தவன் நான். தோட்டம் வீட்டுமனையானதும் ஈப்போவில் ஒரு இன்ஜினியர் கூப்பிட்டார். தஞ்சோங் ரம்புத்தான், லூமுட், பாகான் டத்தோ மூன்று ஊர் அனுபவத்தையும் சேர்த்து, எப்போது மதகைத் திறப்பது என்று சொல்லும் கம்ப்யூட்டர் செய்கிறாராம். மழை, தண்ணீர் அளவெல்லாம் தினமும் எழுதி வைத்த நோட்டை எந்த ஊரிலும் யாரும் கொடுக்கவில்லை. "நோட்டு அவங்ககிட்டயே இருக்கட்டும், விதியை மட்டும் வாங்கிட்டு வாங்க" என்றார் இன்ஜினியர். தண்ணீர் அதிகம், மழையும் விடவில்லை என்றால் திற, இந்த மாதிரி. லூமுட்டில் மதகு பார்க்கும் செல்வம் அலமாரியைப் பூட்டிக்கொண்டே சொன்னான்: "விதி எத்தனை வேணும்னாலும் கேளுங்கண்ணே. நோட்டத் தொடாதீங்க, பொண்டாட்டியோட சண்டை போட்ட நாளெல்லாம் அதுலதான் இருக்கு."

எது அதிகம்

இன்ஜினியருக்கு எண் வேண்டாம், கொஞ்சம், மிதம், அதிகம் என்ற சொல் போதுமாம். அதிகம் எங்கே தொடங்குகிறது என்று கேட்டேன். தஞ்சோங் ரம்புத்தானில் மேட்டுப்பாத்தியில் கீரை போடும் கணேசன் தொடையைக் காட்டினான். செல்வம் முழங்காலைக் காட்டினான். பாகான் டத்தோவில் பிலோமினா நிலம் பள்ளம். அவள் குனிந்து கணுக்காலைத் தொட்டாள்: "இதுக்கு மேல எனக்கு அதிகம்தாண்ணே. கன்னு மேட்டுக்கு ஓடிப் போவுமா?"

நடுவாந்திரம்

இன்ஜினியர் மூன்றையும் கலந்து ஒரே அளவாக்கினார். முழங்கால். பிலோமினாவுக்கு அது ஆகாது என்று ஒரு தடவை சொன்னேன். படம் போட்டுக் காட்டினார். சரி என்று தலையாட்டினேன். பாகான் டத்தோ மதகுக்காரரிடம், கம்ப்யூட்டர் பெட்டி சொன்னால் திற என்று சொல்லி வைத்தவனும் நான்தான்.

மழை பிடித்தது. பிலோமினா கன்றுகளுக்கு நடுவே பாதிக் கெண்டைக்கால் தண்ணீர். பெட்டி 'மிதம்' என்றது. கடல் வற்றும் நேரத்தில்தான் மதகைத் திறக்க முடியும், இல்லையென்றால் கடல் தண்ணீர் உள்ளே வந்துவிடும். அந்த நேரம் சும்மா போனது, மதகு மறுநாள்தான் திறந்தது. ஒரு வாரம் கழித்து பிலோமினாவைப் பார்க்கப் போனேன். அவள் திட்டவில்லை. "மிதம்னுச்சுண்ணே, மிதமாத்தான் செத்திருக்கு. பாதி."

சிவப்புத் துணி

மிச்சப் பாதியாவது பிழைக்க வேண்டும். அடுத்த மழைக்கு முன் இன்ஜினியரை அவள் நிலத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். இன்னும் நாலு ஊர் விதி சேர்த்தால் சரியாகும் என்று ஆரம்பித்தார். எனக்குத் தலை வலித்தது. பிலோமினா வேலிக்கம்பில் கணுக்கால் உயரத்துக்கு ஒரு சிவப்புத் துணியைக் கட்டினாள். "என் அதிகம் இங்க இருக்கட்டும் சார், லூமுட் அதிகம் லூமுட்ல இருக்கட்டும். அதிகமானாத் திறங்கிறது மட்டும் எல்லாருக்கும் ஒண்ணுலா."

விதி ஒன்று, அளவு ஊருக்கு ஒன்று என்று மாற்றினார், அடுத்த மழையில் துணி நனைந்த அன்றே மதகு திறந்தது, மிச்சக் கன்று நிற்கிறது. அறிக்கையில் இன்ஜினியர் பேர் இருக்கிறது, மூன்று ஊர்ப் பேர் இருக்கிறது, கடைசியில் என் பேர்கூட இருக்கிறது. சரி பண்ணியது பிலோமினா.