‘வரேன்’ என்று எழுதிய பக்கம்

நான் பயந்தாங்கொள்ளி. லிஃப்ட், பட்டாசு, தெரியாத நம்பரிலிருந்து வரும் போன், எல்லாவற்றுக்கும் பயம். அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து வலது கையும் பேச்சும் போன பிறகு இந்தச் சில்லறைப் பயங்கள் எல்லாம் சேர்ந்து ஒரே பயமாகிவிட்டன. நகரத்தின் இன்னொரு கோடியில் நான் பொம்மனஹள்ளி ஆபீஸில் உட்கார்ந்திருக்கும்போது ஜோகுபாளையம் வீட்டில் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? கூப்பிடக்கூட அவரால் முடியாது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு குறும்படம் பார்த்தேன். வெப்சைட் கட்டிப் பிழைக்கிற நாங்கள் சிலர் ஆஸ்டின் டவுனில் ஒரு தோழி வீட்டு ஹாலில் அவ்வப்போது கூடுவோம். ஆபீஸ் வேலையில் செய்ய முடியாத கிறுக்குத்தனங்களை அங்கே செய்துபார்ப்போம். அங்கே பார்த்த அந்தப் படத்தில் வசனமே கிடையாது. அடுத்தடுத்த அறைகளில் இரண்டு பேர், நடுவில் சுவர். ஒருவர் தட்டினால் மற்றவர் பதிலுக்குத் தட்டுவார். கடைசியில் ஒரு தட்டலுக்குப் பதில் வராது, அத்தோடு படம் முடிந்துவிடும். மற்றவர்கள் கை தட்டினார்கள், நான் வெளியே போய் அம்மாவுக்குப் போன் போட்டு அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். இதை வைத்து ஆளுக்கொரு இணையப் பக்கம் செய்வது என்று பேசிக்கொண்டோம்.

என் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. வெள்ளைத் திரை, நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. அதே பக்கத்தை வேறு யாராவது திறந்துவைத்திருந்தால்தான் புள்ளி தெரியும், நீங்கள் தொடும்போது அவர்கள் திரையில் அது பெரிதாகும். விரலை எடுத்தால் சிறுத்துவிடும். ஒலி, பெயர், நேரம் எதுவும் கிடையாது. இதைச் செய்து முடிக்க எனக்குப் பல வாரங்கள் ஆயின, ஏனென்றால் ஒவ்வொன்றாகச் சேர்த்துவிட்டு ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தேன். கலைக்காக என்று தோழிகளிடம் அளந்தேன். உண்மையில் அப்பாவின் இடது கட்டைவிரலுக்காகத்தான் செய்தேன்.

அப்பாவுக்கு அது பிடித்துப்போனது. பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிறவர் படம் காட்டி வார்த்தை கேட்டால் அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வார். போனில் புள்ளி பெரிதானால் மட்டும் உடனே அழுத்துவார். மீட்டிங்கில் உட்கார்ந்தபடி மேஜைக்கு அடியில் நானும் அழுத்துவேன். புள்ளி உப்பும்போதெல்லாம் எனக்கு மூச்சு சீராகும்.

அம்மாதான் குறை கண்டுபிடித்தாள். நான் பக்கத்தை மூடினால் அவர்கள் திரையில் புள்ளி சட்டென்று காணாமல் போகிறது, உயிர் போன மாதிரி இருக்கிறது, அப்பா முகம் சுண்டிப்போகிறது என்றாள். அவள் சொன்னது சரி. போகும்போது ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போக வேண்டாமா? ஒருவர் பக்கத்தை மூடினால் மற்றவர் திரையில் தெரிகிற மாதிரி ஒரே ஒரு வார்த்தை சேர்ப்பது என்று முடிவெடுத்தேன். ‘போறேன்’ என்பது எங்கள் வீட்டில் வாயிலேயே வரக்கூடாத சொல். சின்ன வயதில் பள்ளிக்கூடம் கிளம்பும்போது தவறிச் சொல்லிவிட்டால் அம்மா என்னை உள்ளே கூப்பிட்டு, சரியாகச் சொல்லவைத்துத்தான் அனுப்புவாள். அதனால் நான் யோசிக்கவே இல்லை. ‘வரேன்’ என்று போட்டேன். ‘வருகிறேன்’ என்று எழுதினால் மேடையிலிருந்து இறங்குகிறவர் மாதிரி இருக்கும். பக்கத்து சீட்டுக் கன்னடக்காரர் எட்டிப் பார்த்து அர்த்தம் கேட்டுவிட்டு, நாங்களும் கிளம்பும்போது ‘பர்த்தீனி’, அதாவது வரேன் என்றுதான் சொல்வோம் என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வார்த்தையைச் சேர்த்த அன்றைக்கே சாயங்காலம் அம்மா வழக்கம்போல் கோயில் ஜெபத்துக்குப் போயிருந்தாள். சர்ச்சை எங்கள் வீட்டில் கோயில் என்றுதான் சொல்வோம். அப்பா தனியாக இருந்தார். நான் தொட்டேன், அவர் தொட்டார். அதற்குள் மேனேஜர் கூப்பிட, பக்கத்தை மூடிவிட்டுப் போனேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிவந்து திறந்தபோது புள்ளி பெரிதாக இருந்தது. நான் தொட்டுத் தொட்டு எடுத்தேன். அது அசையவில்லை. சிறுக்கவே இல்லை. அப்பா இப்படி அழுத்தியபடியே இருக்கமாட்டார், விட்டு விட்டுத்தான் அழுத்துவார்.

அவருடைய போனுக்குக் கூப்பிடலாம். ஆனால் கூப்பிட்டால் அவர் போனில் பக்கம் மறைந்து என் திரையில் புள்ளி போய்விடும். அது போய்விட்டால், அவர் விரலை எடுத்ததால் போனதா, நான் கூப்பிட்டதால் போனதா என்று எனக்குத் தெரியாது. அதனால் கூப்பிடப் பயந்தேன். அம்மாவுக்கு அடித்தேன், ஜெபத்தில் அவள் போனை எடுக்கவில்லை. மாடியில் குடியிருப்பவர்கள் ஊரில் இல்லை. பையைக்கூட எடுக்காமல் ஓடிப்போய் ஆட்டோ பிடித்தேன்.

சில்க் போர்டு சிக்னல் நெரிசலில் வண்டி அப்படியே நின்றுவிட்டது. புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிதாகத்தான் இருந்தது. விரல் அழுத்திக்கொண்டிருக்கிறது, அப்பா இருக்கிறார் என்று சொல்லிக்கொண்டேன். உடனே இன்னொரு நினைப்பு வந்தது. விரல்தான் என்று யார் சொன்னது? கீழே விழுந்து கன்னம் போன்மேல் கிடந்தாலும் புள்ளி இப்படித்தான் இருக்கும். தொடுகிறவர் உயிரோடு இருக்கிறாரா என்று பார்க்க நான் நிரலில் எதையும் எழுதவில்லை. எல்லாவற்றையும் எடுத்து எடுத்து, கடைசியில் எனக்கு வேண்டிய ஒன்றையும் எடுத்துவிட்டேன் என்று தோன்றி அழுகை வந்தது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து, வீட்டில் யாருக்கு முடியவில்லை என்று கேட்டார். அப்பா என்றேன். அதன்பிறகு அவர் சந்து சந்தாகப் புகுந்து ஓட்டினார்.

எங்கள் வீட்டுக் கதவு இழுத்துச் சாத்தினால் பூட்டிக்கொள்ளும். என்னிடம் சாவி கிடையாது. அன்று கதவு கொஞ்சமாகத் திறந்திருந்தது. தள்ளினேன், எதிலோ இடித்து நின்றது. கீழே பார்த்தேன். அப்பாவின் கால்.

ஒருக்களித்து உள்ளே நுழைந்தேன். சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தார். கைத்தடி தள்ளிக் கிடந்தது. மடியில் போன், அதன்மேல் இடது கட்டைவிரல் நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்திக்கொண்டிருந்தது. கண் என்னைப் பார்த்தது. நான் பக்கத்தில் சரிந்து உட்கார்ந்து அவர் முகத்தைப் பிடித்துக்கொண்டேன்.

“வரேன்...னு,” என்றார் போனைக் காட்டி. வாய் கோணி, கஷ்டப்பட்டு வந்தது. பிறகு என்னைக் காட்டி, “வந்துட்ட.”

ஸ்ட்ரோக்குக்குப் பிறகு எனக்கென்று அவர் பேசிய முதல் பேச்சு அதுதான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு ‘வரேன்’ என்றால், முதுகைப் பார்க்கிறவருக்கு அது போகிறேன் என்று புரியும். திரையில் எனக்கு முதுகு கிடையாது. மகள் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள், அவளிடம் சாவி இல்லை, திறக்க வேண்டும் என்று எழுந்து வந்திருக்கிறார். கதவைத் திறந்துவிட்டுத்தான் விழுந்திருக்கிறார், விழுந்த பிறகு விரலை எடுக்காமல் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்.

எலும்பு எதுவும் முறியவில்லை, இடுப்பில் கன்றிப்போனதோடு தப்பித்தார். அம்மா என்னைத் திட்டித் தீர்த்தாள். ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அப்பா கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ‘வரேன்’ என்பதை அழித்தேன். ‘போறேன்’ என்று தட்டினேன். அவ்வளவுதான், சேமித்தால் முடிந்தது. ஆபீஸில் சகுனம், சாத்திரம் என்று யாராவது பேசினால் வாய் கிழியக் கிண்டல் செய்கிற என்னால் அந்தப் பொத்தானை அழுத்த முடியவில்லை. அந்த வார்த்தை அவர் கையில், அவர் திரையில், நான் இல்லாத நேரத்தில் தெரியும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை. அழித்துவிட்டேன். அம்மா அடுப்படியிலிருந்து, “அப்பாவையே கேளேண்டி, அவர்தானே படிக்கப்போறாரு,” என்றாள்.

கேட்டேன். “நான் கிளம்பும்போது இதுல என்னப்பா போடட்டும்?”

அப்பா காலியான திரையைப் பார்த்தார். உதடு எதையோ தேடியது. பயிற்சிக்காரரிடம் திருப்பிக்கொள்கிற முகத்தை அன்று திருப்பிக்கொள்ளவில்லை.

“இரு,” என்றார்.

அதைத் திரையில் எழுதச் சொன்னாரா, என்னிடம் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்குப் பயமாக இருந்தது. லேப்டாப்பை மூடிவிட்டு உட்கார்ந்துகொண்டேன்.