தேயிலை டப்பாவும் கேஸ் சிலிண்டரும்

கையெழுத்து கோணலாக இருக்கும், எழுத்துப் பிழையும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்புக்கு மேல் நான் படிக்கவில்லை. பாலிஷ் வேலைக்குப் புதிதாக வருகிற தம்பிகளுக்காக எழுதுகிறேன்.

ஷார்ஜாவில், சாமான்களில் பெயர் பொறிக்கும் கடை ஒன்றில் பாலிஷ்மேனாக இருந்தேன். முதலாளி கடையநல்லூர்க்காரர். ஒரு நாள் காலை, ஜப்பான் அம்மாள் ஒருவர் தேயிலை டப்பா ஒன்றைப் பெயர் பொறிக்கக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் ஊரில் கையால் செய்தது. முதலாளி அதைப் பித்தளையை இறுக்குகிற மாதிரி வைஸ் இடுக்கியில் வைத்து இறுக்கினார். வாய் நசுங்கிவிட்டது, மூடி ஏறவில்லை. என்னைக் கூப்பிட்டார்.

“டார்ச்சு வச்சு நல்லா சூடு காட்டித் தட்டி நிமித்துல. வெள்ளிய நிமித்த ஒனக்குச் சொல்லியா தரணும்? சாயங்காலம் அந்தம்மா வந்துரும். வேலைய முடி, ஒன் லீவு பேப்பர்ல கையெழுத்து போடுதேன்.”

அடுத்த வாரம் என் மூத்த மகளுக்கு நிச்சயதார்த்தம். டப்பாவைக் கையில் வாங்கினேன். விளிம்பை லேசாக அழுத்தியதும் கிறீச்சென்றது. வளைத்தால் இப்படிக் கத்துவது வெள்ளி இல்லை, ஈயம். நான் கும்பகோணத்தான், வெறும் ஈயச்சொம்பை அடுப்பில் வைத்தால் என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் முதலாளியிடம் எதிர்த்துப் பேச எனக்கு நா எழவில்லை.

“கேஸ் மாஃபி, தீந்துபோச்சு மொதலாளி,” என்றேன்.

அவர் உடனே சிலிண்டருக்குப் போன் போட்டார். அதன் பிறகு எனக்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. வேன் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலுக்குப் போய்ப் பார்த்தேன்.

அந்த அம்மாள்தான் முதலில் வந்தார். டப்பாவைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

“சாரி மேடம், ஒன் அவர். ஃபயர்ல வச்சு…” என்று முதலாளி இழுத்தார்.

“நோ ஃபயர்,” என்றார் அவர். டப்பாவை மடியில் வைத்து, கட்டைவிரலை உள்ளே கொடுத்து, சுற்றிச் சுற்றி மெல்லத் தள்ளினார். ஒவ்வொரு தள்ளலுக்கும் அது முனகியது. வாய் வட்டமானதும் மூடியை மேலே வைத்துக் கையை எடுத்தார். மூடி காற்றை விட்டபடி தானாகவே இறங்கி உட்கார்ந்தது.

அவர் போன பிறகு சிலிண்டர் வந்தது. கொண்டுவந்த பட்டான் டிரைவர் பழைய சிலிண்டரைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “பாய், யே தோ ஃபுல் ஹை,” என்றான்.

முதலாளி என்னைப் பார்த்தார்.

“நெருப்பு காட்டுனா உருகிப்போயிடும் மொதலாளி. அதான் பொய் சொன்னேன். எனக்கு லீவு வேணும்.”

“இதக் காலையிலயே சொல்ல முடியாம, வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?” என்றபடி பேனாவைத் தேடினார்.

தம்பிகளே, உலோகத்தைப் பற்றித் தெரிந்ததைக் கை வைக்கும் முன்பே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். எல்லா நாளும் அந்த அம்மாள் சிலிண்டருக்கு முன்னால் வந்து சேரமாட்டார்.

அஜ்மான், 13-2-2009, வெள்ளிக்கிழமை.