ஒரே ஒரு கோடு

எங்க அக்கா ஆய்வுக்கூடத்துல டெக்னீஷியன். பிடிவாதத்துக்குப் பேர் போனவ. தங்கச்சி பேச்சு என்னைக்கு அவ காதுல ஏறியிருக்கு?

அவ பொண்ணை வாலுன்னுதான் கூப்பிடுவோம். அவளுக்குப் பார்வை மங்கிக்கிட்டே வந்துச்சு. கண்ணுக்கு வேண்டிய ஒரு புரதம் உடம்புல உருவாகலை. அதுக்கான மரபணுவைச் சுமந்துபோக வைரஸ் இருக்கு, ஆனா மரபணு பெரிசு, ஒரு வைரஸுக்குள்ள அடங்காது. ரெண்டு பாதியா அனுப்பணும், ஒவ்வொண்ணும் பாதிப் புரதத்தை உருவாக்கும். ரெண்டு புரதப் பாதியோட நுனியிலயும் 'இன்டீன்'னு ஒரு துண்டு இருக்கும். அதுங்க சந்திச்சா புரதத்தை ஒட்டிவச்சிட்டுத் தானா கழண்டுக்கும். கல்யாணத் தரகர் மாதிரிதான், கமிஷன் மட்டும் கேக்காது.

ஆனா என்ன பிகு! பக்கத்துல பிடிச்ச அமினோ அமிலம் இல்லேன்னா ஒட்டவே ஒட்டாது. எங்கேயும் ஒட்டுற மாதிரி அதை மாத்தியமைக்கிறதுதான் அக்கா வேலை.

"கண்ணுல செல் உயிரோட இருக்கிறப்பவே மருந்து வந்தாத்தான் பிரயோஜனம்"னு டாக்டர் சொல்லிட்டார். அக்கா ஞாயித்துக்கிழமையும் ஓடினா. "குழந்தைகூட இரேன் அக்கா!"ன்னு கத்துவேன். "அவளுக்காகத்தானே போறேன்"னு கதவைச் சாத்திட்டுப் போயிடுவா.

சாயங்காலம் சோதனைப் படத்தைக் காகிதத்துல எடுத்துட்டு வருவா. வாலுதான் ஜட்ஜ். ஒட்டலேன்னா ரெண்டு கோடு, ஒட்டினா ஒண்ணு. விளக்கடியில பிடிச்சுப் பார்த்துட்டு, "ரெண்டு கோடு! தள்ளுபடி! நாளைக்கு வா!"ம்பா. நாங்க விழுந்து விழுந்து சிரிப்போம்.

போன வாரம் அக்கா செருப்பைக்கூடக் கழட்டாம உள்ளே வந்தா. படத்தை என்கிட்ட நீட்டினா. ஒரே கோடு, கரேல்னு! ஐயோ, நான் குதிச்ச குதியில நாற்காலி சாஞ்சுது. ஜட்ஜ் சொல்லட்டும்னு அக்கா என் வாயைப் பொத்திட்டு, காகிதத்தை வாலு கையில குடுத்தா.

வாலு விளக்கடியில பிடிச்சா, மூக்கு உரச உத்துப் பார்த்தா. "ஒரே கோடும்மா! ஒட்டிடுச்சு!"

அவ பார்த்துக்கிட்டிருந்தது காகிதத்தோட வெறும் பக்கம். படம் எங்களைப் பார்த்து இருந்துச்சு.

 அக்கா அப்படியே தரையில உக்காந்துட்டா. "எப்படிக் கண்ணு சொன்னே?"ன்னு கேட்டா.

"சித்தி குதிச்சாளே."

"அப்ப இத்தனை நாளும்?"

வாலு காகிதத்தை மடியில வச்சுத் தடவிக்கிட்டே சொன்னா: "ரெண்டுன்னே சொல்லிட்டிருந்தேம்மா. எப்பவும் சரியாத்தானே இருந்துச்சு."