சுறா எண்ணெய் பூசிய வீடு

குருசுக்குப்பத்துக்குத் திரும்பும் முனையில், எங்கள் வீட்டுக்கு எதிரே, மாடி வைத்த மஞ்சள் வீடு ஒன்று. பிரெஞ்சு மரியாதையில் முசே என்று தெருவே கூப்பிடும் தேவதாஸ், சைகோனில் உத்தியோகத்தில் இருந்தபோது கட்டியது. பிறகு அவருக்குப் பிரெஞ்சு நாட்டில், மார்சே துறைமுக ஆபீசில் வேலை கிடைத்து, அவரும் அவர் மனைவி மதாமும் அங்கேயே தங்கிவிட்டார்கள். லீவுக்கு வந்து தங்க மட்டும்தான் இந்த வீடு. அவர்கள் வராத காலத்தில் அதைப் பார்த்துக்கொண்டவள் ராஜாம்பாள்.

ராஜாம்பாள் மீன் விற்கிறவள். காலையில் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போவாள். விற்று முடித்தபின் நேராக இங்கே வருவாள். கூடையை கேட்டுக்கு வெளியே கவிழ்த்து வைத்து, குழாயில் கைகால் கழுவி, சேலை நுனியை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவாள். முசே வீட்டில் மீன் வாடை வரக்கூடாதாம். அதில் அவள் அத்தனை கண்டிப்பு. அப்புறம் ஜன்னல்களைத் திறப்பாள். என் சமையலறையில் இருந்து பார்த்தால் எல்லாம் தெரியும். ஒட்டிக்கொண்ட கதவைத் தோளால் இடித்துத் திறந்து, "தொறடி, காத்து வாங்கிக்க" என்று ஜன்னலிடம் சொல்வாள். மணலைக் கூட்டுவாள். நாற்காலிகளைத் துடைப்பாள், ஒன்றில்கூட உட்கார மாட்டாள்.

கடல் காற்றுக்கு அந்த வீட்டின் மேல் தீராத பசி. கீல் துருப்பிடிக்கும், ஜன்னல் பலகை வெடிக்கும். முசே வந்த லீவெல்லாம் தச்சுக்காரரோடுதான் கழியும். மதாம் உள்ளறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, எப்போது கப்பல் ஏறுவோம் என்று கேட்டபடி விசிறியால் விசிறிக்கொண்டிருப்பார்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் ஒரு நாள், ரங்கூனுக்குக் கைலி அனுப்பி ஜவுளி வியாபாரம் செய்யும் அப்துல் மாலிக் பாய் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார்.

"என்னா பாய், வீட்ட அளக்குறீங்க?" என்றாள் ராஜாம்பாள்.

"கைலி மூட்டை அடுக்க எடம் வேணும் ராஜாம்பா. முசே அடுத்த மாசம் வராரு. வந்ததும் பேசி முடிச்சிடலாம்னு எழுதியிருக்காரு. வருசா வருசம் பலகை மாத்த அவரால ஆவல."

அவர் போன பிறகு அவள் என் வீட்டு வாசலுக்கு வந்தாள். முகம் சுண்டிப் போயிருந்தது. "மூட்டைக்கு எதுக்குத் தங்கச்சி ஜன்னல்? எல்லாத்தையும் ஆணியடிச்சுச் சாத்திடுவாங்க. என்னயும் வெளிய வுட்டுச் சாத்திடுவாங்க" என்றாள். தண்ணீர் கொடுத்தேன். குடித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தி, "பலகைதான பிரச்சன? பலகை வெடிக்கலன்னா முசே எதுக்கு விக்கிறாரு?" என்று கேட்டுவிட்டு வேகமாகப் போனாள்.

அவள் புருஷன் கண்ணையனுக்குக் கப்பல் சரக்கு இறக்கும் படகில் வேலை. படகுப் பலகை உப்பில் கெடாமல் இருக்கச் சுறா எண்ணெய் பூசுவது அவர்கள் வழக்கம். மறுநாள் இரண்டு பானை எண்ணெய் வந்து இறங்கியது. ராஜாம்பாள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு பூச ஆரம்பித்தாள். ஜன்னலோடு நிற்கவில்லை. கதவு, அலமாரி, மாடிப்படிக் கைப்பிடி, கட்டில் எல்லாவற்றுக்கும் பூசினாள்.

கண்ணையன் தெருவில் நின்று பார்த்தார். "ஏ ராஜாம்பா, துடுப்பு ஒண்ணுதான் பாக்கி. வீட்ட அப்படியே தள்ளிக் கடல்ல எறக்கிடலாமா?"

"நீ போய் உன் படகப் பாரு. இது என் படகு."

எனக்கோ அந்த வாடையில் தலை சுற்றியது. சாயங்காலம் குப்பத்துப் பூனைகள் எல்லாம் வந்து முசே வீட்டு மதில்மேல் வரிசையாக உட்கார்ந்துவிட்டன. "அக்கா, வாடை கொஞ்சம்..." என்று இழுத்தேன்.

"மீன் எதுவும் கொண்டாரலியே தங்கச்சி. எண்ணெய்தான பூசுனேன்" என்றாள். படகு எண்ணெய் வாடை அவள் பிறந்ததிலிருந்து சுவாசித்த காற்று. அவளுக்கு எங்கே தெரியப்போகிறது?

முசேயும் மதாமும் வந்து ரிக்‌ஷாவில் இறங்கினார்கள். ராஜாம்பாள் கதவைத் திறந்துவிட்டு ஓரமாக நின்றாள். பலகையெல்லாம் கருகருவென்று மின்னியது. முசே ஒரு காலை உள்ளே வைத்தவர் அப்படியே நின்றார்.

"ராஜாம்பா, உள்ள யாரு செத்தது?"

"யாரும் சாவல முசே. பலகைக்கு உசுரு குடுத்திருக்கேன்."

மதாம் கைக்குட்டையை மூக்கில் வைத்தபடி வாசலைத் தாண்டவில்லை. சீயக்காய் போட்டுக் கழுவினார்கள். என் வீட்டுச் சாம்பிராணியைக் கொடுத்தேன். அதைப் போட்டதும் இன்னும் மோசமாயிற்று. கடைசியில் அயல்வீட்டு நார்க்கட்டில் இரண்டை வாங்கி மொட்டை மாடியில் போட்டுக்கொண்டார்கள்.

மாலிக் பாய் அத்தர் மணக்க வந்தார். உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தார்.

"முசே, என் கைலி ஒரு நாள் இங்க இருந்தா போதும். ரங்கூன்காரன் அத மீனுன்னு நெனச்சு வறுத்துடுவான். வாடை போவட்டும், சொல்லியனுப்புங்க."

முசே வீட்டில் தானே மீன் வாடையை ஏற்றிவிட்டது அப்போதுதான் ராஜாம்பாளுக்கு விளங்கியது. யாரையும் பார்க்காமல் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து மாடிப்படியில் வைத்துவிட்டுப் போனாள். அதற்கப்புறம் சில நாள் எங்கள் தெருவில் மீன் கூவவில்லை.

மேலே மொட்டை மாடியில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. மதாம் விசிறியை எடுக்கவே இல்லை. கடல் காற்று சேலையைப் படபடக்க வைத்தது. விடிந்ததும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, படகுகள் அலை தாண்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். கரையிலிருந்து வரும் பெண்களைக் கைதட்டிக் கூப்பிட்டு, கயிற்றில் கூடையை இறக்கி மீன் வாங்கினார். அவர் பேரம் பேசும் சத்தம் எங்கள் கொல்லை வரை கேட்டது. மாடியிலேயே அடுப்பு மூட்டிக் குழம்பு வைத்தார். முசேகூட இந்தத் தடவை தச்சுக்காரரைக் கூப்பிடாமல் கட்டிலில் படுத்துப் பாட்டு முணுமுணுத்தார்.

லீவு முடியும் வாரம், வாடை குறைந்தது. மாலிக் பாய்க்குச் சொல்லியனுப்பலாமா என்று முசே கேட்டார்.

"மாடிய விக்க மாட்டேன்" என்றார் மதாம். "கீழ்வீடு மட்டும் வேணும்னா குடுத்துக்குங்க."

"வீட்ட கேக்கு மாதிரி வெட்ட முடியுமா?"

"அப்ப வெட்டாதீங்க."

முசே எழுந்து கீழே வந்து, என் வாசலில் நின்று, "ராஜாம்பாவக் கூட்டிட்டு வரியாம்மா?" என்றார். நான் செருப்பைக்கூடத் தேடவில்லை.

ராஜாம்பாள் வந்து கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள். மதாம் இறங்கி வந்து சாவிக்கொத்தை நீட்டினார்.

"நாங்க போனப்புறம் ஜன்னல யாரு தொறக்கறது?"

ராஜாம்பாள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். கண் நிறைந்தது, ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "பலகைக்கு எண்ணெய் வேணுமே மதாம்?"

"எண்ணெய் வேணாம். நாளைக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் வருது."

மறுநாள் பெயிண்டர் டப்பாவைத் திறந்தார். ராஜாம்பாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவுக்கே ஓடி வந்துவிட்டாள்.

"ஐயே, என்னா நாத்தம் தங்கச்சி! இத எப்படித்தான் வீட்டுக்குப் பூசறாங்களோ!"