பிரேசில் பனிக்கு ஒரு மொட்டை

திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் வணிகவியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு தொழிலின் சர்வதேசச் சூழலையும் போட்டிச் சக்திகளையும் அலசுவது எப்படி என்பது என் பாடம். வகுப்பில் இந்தப் பாடத்தால் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை. பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். வீட்டில் ஒரே ஒரு தடவைதான் நடத்தினேன். என் தலைமுடி போய்விட்டது.

வீடு பெரும்பாறையில். அப்பாவுக்குக் காப்பித் தோட்டம், நிழல் மரங்களில் மிளகுக் கொடி. வத்தலகுண்டு வியாபாரி ஒவ்வொரு முறையும் காப்பிக்கொட்டையைக் கையில் அள்ளி முகர்ந்து பார்ப்பார். பிறகு, "நியூயார்க்ல வெல எறங்கிருச்சுங்களே" என்பார். அப்பா நியூயார்க்கைத் தன் சொந்த விரோதியாகவே நினைத்துவந்தார். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அப்பா கொட்டையை விற்றுவிட்டு வந்து புலம்பியபோது எனக்குள் இருந்த வாத்தியார் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

ஐந்து விரலையும் விரித்து ஆரம்பித்தேன். வாங்குகிறவன் ஒரு சக்தி, நமக்கு உரம் விற்கிறவன் ஒரு சக்தி. புதிதாகப் போட்டிக்கு வருகிறவன் மூன்றாவது என்றதும், "வியட்நாமு" என்றார் அப்பா, வழக்குப் போட்ட பங்காளியின் பெயரைச் சொல்வதுபோல. காப்பிக்குப் பதிலாக ஜனங்கள் குடிக்கக்கூடிய வேறு பானம் நான்காவது என்றேன். அப்பா கையிலிருந்த டீத் தம்ளரைக் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்தினார். எங்கள் வீட்டில் விளைவது காப்பி, குடிப்பது டீ. கேட்டால், காப்பி பித்தம் என்பார். கடைசி விரல், ஏற்கெனவே களத்தில் நிற்கிற போட்டியாளன். அதில் பெரிய கை பிரேசில்.

"இந்த அஞ்சுல நம்ம கையில எதுடா இருக்கு?"

"எதுவும் இல்லப்பா."

"பெறகு யாரு கையிலதான் இருக்கு?"

"பிரேசில்ல பனி விழுந்து செடி கருகுனா, ஒலகம் பூரா வெல ஏறும். அது வானத்துக் கையில இருக்கு."

முடிவுரை நன்றாக அமைந்துவிட்டது என்று எனக்குப் பெருமை. அப்பா தலையாட்டினார். என் மாணவர்களில் ஒருவர்கூடப் பாடத்தை இத்தனை சீக்கிரம் செயலில் காட்டியதில்லை. மறுநாள் விடியுமுன் பழனிக்கு பஸ் ஏறிவிட்டார்.

அங்கே என்ன வேண்டிக்கொண்டார் என்று யாரிடமும் சொல்லவில்லை. ஆடி மாதம் பிரேசிலில் பனி விழுந்தது. செய்தியையும் படத்தையும் போனில் காட்டியது நான்தான். அப்பா கண்ணை மூடி, "முருகா" என்றார். கண்ணைத் திறந்து என் தலையைப் பார்த்தார்.

பனி விழுந்தால் முடியிறக்குவதாக வேண்டியிருக்கிறார். அவர் தலையில் காணிக்கை என்று கொடுக்க ஒன்றும் மிச்சமில்லை. அதனால் என் தலையைச் சொல்லியிருக்கிறார். வேண்டுகிறவர் ஒருவர், முடி கொடுக்கிறவர் இன்னொருவர் என்பது எங்கள் பக்கம் சகஜம்; கைக்குழந்தையைக் கேட்டுக்கொண்டா வேண்டுகிறார்கள்? ஆனால் நான் கைக்குழந்தை இல்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை அய்யம்பாளையத்தில் பெண் பார்க்கப் போக வேண்டிய ஆள். அதற்கு முன் வந்த இடமெல்லாம் தட்டிப்போயிருந்தன. போட்டோவில் இந்தப் பெண்ணைப் பார்த்ததிலிருந்து, இதுவும் தட்டிவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை.

"பொண்ணப் பாத்துட்டு வந்து எறக்கிக்கிடட்டுமே" என்றாள் அம்மா.

"முருகன் சொன்ன சொல்லக் காப்பாத்திட்டான். நாம தவண கேட்டா, அங்க வெயிலடிச்சு வெல எறங்கிரும்" என்றார் அப்பா.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "அங்க இருக்கவுகளும் நம்மள மாதிரி வெவசாயம் பண்ற சம்சாரிகதானப்பா? அவுக செடி கருகணும்னு கும்பிடலாமா?"

அப்பாவின் குரல் தணிந்துவிட்டது. "ஏலே, செடி சாகணும்னு கேக்கல. எல நுனி லேசாக் கருகுனாப் போதும்னுதான் கேட்டேன்."

போனில் இருந்த படத்தில் ஒரு மலைச்சரிவு முழுக்கக் கருகிக் கிடந்தது. அப்பா அதை மறுபடியும் வாங்கிப் பார்த்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார். அவர் முகத்தைப் பார்த்தபின் எனக்கு மறுக்க மனம் வரவில்லை.

பழனியில் முடியிறக்கும் மண்டபத்தில் தலையை நனைத்துவிட்டு உட்கார்ந்தேன். கத்தி பிடித்தவர், "என்ன வேண்டுதலுங்க? புள்ளையா, வேலையா?" என்று கேட்டார்.

"பிரேசில்ல பனி விழணும்னு."

கத்தி நின்றது. "விழுந்துச்சுங்களா?"

"விழுந்துச்சு."

"அப்பச் சரி" என்று, கேட்காமலே மீசையையும் சேர்த்து எடுத்துவிட்டார்.

தலையும் மீசையும் மழித்திருந்தால், எங்கள் ஊர்ப் பக்கம் அது அப்பனுக்குக் கொள்ளி வைத்தவன் கோலம். அய்யம்பாளையத்தில் பெண்ணின் பெரியப்பா வாசலிலேயே என்னைப் பார்த்துத் திகைத்தார். அடுத்து அப்பாவைப் பார்த்தார். அவர் உயிரோடுதான் இருக்கிறார் என்று தெரிந்த பிறகே "வாங்க" என்றார்.

"பழனி வேண்டுதலுங்க. தொழில் விருத்தியாகணும்னு" என்றார் அப்பா. காப்பி வந்தது. அதையும் முகம் சுளிக்காமல் குடித்தார்.

என்னையும் பெண்ணையும் தனியாகப் பேசச் சொல்லிப் பின்புறத் தென்னந்தோப்புக்கு அனுப்பினார்கள். அவள் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். சுற்றி வளைக்காமல் கேட்டாள். "வாத்தியாருன்னு சொன்னாங்க. வாத்தியாருக்கு என்னங்க தொழில் விருத்தி?"

ஏதாவது பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் பார்த்தேன். ஐந்து விரலையும் விரித்து முதலிலிருந்து சொன்னேன். நியூயார்க், வியட்நாம், பிரேசில், பனி, அப்பாவின் வழுக்கை எல்லாம். அவள் சிரிக்கவே இல்லை. தடுக்க முடி இல்லாததால் வேர்வை நேரே கண்ணில் இறங்கியது. இந்த இடமும் போயிற்று என்று நினைத்தேன்.

"மாமா இன்னும் எந்தெந்த நாட்டுக்கு வேண்டியிருக்காருங்க?" என்றாள்.

"தெரியலைங்க. மெளகுக்கு வியட்நாம் பாக்கி இருக்கு."

அவள் பின்னலை முன்னால் இழுத்துக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அதுக்கு என் முடிய வேண்டிக்கிடக் கூடாதுன்னு, உள்ள போனதும் மொதல்ல அவருகிட்டச் சொல்லிருங்க."