கேட்டுத்தான் அனுப்ப வேண்டும்

எங்கள் பேஸ்பால் அணியிலிருந்து வெர்ன் ஹோலிஸ்டரை முதல் மூன்று சீசன்களில் மட்டும் ஒன்பது தடவை கீழ் லீகுக்கு அனுப்பினார்கள். ஒன்பது தடவையும் அவன் லாக்கர் மேலிருந்த பெயர்ப் பலகையைக் கழற்றியவன் நான்தான். வீரர்களின் துணி துவைப்பது, ஷூ துடைப்பது, பைகளைப் பஸ்ஸில் ஏற்றுவது எல்லாம் என் வேலை. போகிறாயா என்று அவனை ஒருவரும் கேட்டதில்லை. பையைக் கட்டு என்பார்கள், கட்டுவான். அவன் மனைவிக்குப் பிரசவ வலி எடுத்த அன்றுகூட அப்படித்தான் அனுப்பினார்கள். அன்று வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வெர்ன் கேட்சர். மட்டையாளனுக்குப் பின்னால் குத்தவைத்துப் பந்து பிடிப்பவன். வலது கையில் மூன்று விரல்கள் ஒடிந்து கோணலாகச் சேர்ந்தவை. மட்டை மட்டும் அவன் பேச்சைக் கேட்காது.

பெரிய லீகில் ஐந்து வருஷம் சேர்ந்துவிட்டால் ஆட்டக்காரனின் சம்மதம் இல்லாமல் கீழே அனுப்ப முடியாது. அவன் மறுத்தால் வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் விடுவிக்க வேண்டும். அந்த வருஷச் சம்பளம் எப்படியும் வந்துவிடும். வெர்ன் அந்த நாளுக்காகவே பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். "அன்னைக்கு வந்து கேக்கட்டும். முடியாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்றேனா இல்லையா பாரு" என்பான் என்னிடம்.

போன ஜூனில் ஐந்து வருஷம் நிறைந்தது. வெர்னுக்கு வயது முப்பத்துநான்கு. அடுத்த மாதமே புதிதாக ஒரு கேட்சரைக் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு வெர்ன் பெஞ்சில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்ததோடு சரி, மூன்று வாரம் களத்தில் இறங்கவில்லை.

ஆகஸ்டில் ஒருநாள் மேனேஜர் ரே ஓக்லி அவனைக் கூப்பிட்டார். நான் அதே அறையில் துவைத்த சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். பழக்கதோஷத்தில் ஓக்லி, பையைக் கட்டு, நாலு மணிக்குப் பஸ் என்றார்.

வெர்ன் நகரவில்லை. "இப்ப நீங்க என்னைக் கேக்கணும், ரே."

ஓக்லியின் முகம் சிவந்துவிட்டது. தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு மன்னிப்புக் கேட்டார். யோசிக்க மூன்று நாள் உண்டு, மறுத்தால் விடுவித்துவிடுவோம், அதன்பின் வேறு அணி எடுக்குமா என்பது சந்தேகம்தான் என்று உள்ளதைச் சொன்னார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"கீழ போறியா, வெர்ன்?"

சொல்லடா, முடியாது என்று சொல்லடா என்று நான் மனதுக்குள் கத்தினேன். வெர்ன் வாயைத் திறந்தான்.

"அங்க நாளைக்கு ஆட்டம் இருக்கா?"

இருக்கிறது என்றார் ஓக்லி.

"என்னை ஆட விடுவாங்களா?"

"தினமும்."

வெர்ன் கை நீட்டி அவரிடமிருந்து சம்மதக் காகிதத்தை வாங்கினான், கையெழுத்துப் போட்டான். கையில் சட்டையோடு நான் நின்றேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த 'முடியாது' அவனைவிட எனக்குத்தான் வேண்டியிருந்தது.