ஊசி அட்டை பார்த்த காலம்

ஆளணி உத்தியோகத்தர் என்றால் வேறொன்றுமில்லை, மேலே எடுத்த முடிவைத் தன் கையெழுத்தில் கீழே கொண்டுபோகிற ஆள். கொரோனாக் காலத்தில் இந்த உத்தியோகம் பார்த்தவர்கள் யாராவது இதை வாசித்தால், நான் சொல்லப்போவதில் பாதி உங்களுக்கும் நடந்திருக்கும். நான் இருந்தது திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டின ஒரு மீன் பதனிடும் கம்பனியில். கொழும்புத் தலைமைக் கந்தோரிலிருந்து ஒரு வெள்ளிக்கிழமை சுற்றறிக்கை வந்தது. இரண்டு ஊசி போட்ட அட்டை இல்லாதவர் திங்கள் முதல் உள்ளே வரக்கூடாது. இங்கிலீசில் வந்ததைத் தமிழில் எழுதி கேற்றில் ஒட்டியது நான்தான்.

மணிக்கு மூன்று ஊசி

திங்கள் காலை கேற்றடியில் மேசை போட்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் காவலுக்கு நிற்கிற நசீர் நானா. ஒருவர் மனைவியின் அட்டையோடு வந்தார். இன்னொருவர் அட்டைக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, மறுபக்கம் பிள்ளையார் படம் வைத்திருந்தார். அதை இடது கையால் வாங்க எனக்கு மனம் வரவில்லை. சல்லிக் கிராமத்திலிருந்து ஐஸ் உடைக்க வருகிற கந்தையாண்ணை நீட்டிய அட்டையில் ‘மணி, ஆண், மண்ணிறம்’ என்று இருந்தது.

“அண்ணை, இது நாய்க்குப் போட்ட விசர்நாய் ஊசியின்ர அட்டை” என்றேன். அவசரத்தில் அலுமாரியிலிருந்து மாறி எடுத்துவிட்டார். வீட்டுக்குப் போய்த் திரும்ப ஒரு மணித்தியாலம் ஆகும். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: “எனக்கு ரெண்டுதான் தம்பி, அவனுக்கு மூண்டு. கம்பனி கூடுதலாப் போட்ட ஆளைத்தானே விரும்பும்?”

கண் மட்டும் சிரித்தது

மீன் தரம்பிரிக்கிற ஜெகனுக்குப் பிறவியிலேயே காது கேளாது. நிலாவெளிக்காரர், கெட்டிக்காரர், எதிரில் நிற்பவரின் உதட்டைப் பார்த்தே எல்லாம் விளங்கிக்கொள்வார். எல்லாரையும் கூட்டி, முகக்கவசத்தோடு நின்று, புதிய விதிகளை அரை மணித்தியாலம் விளக்கினேன். ஜெகன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். முடிந்த பிறகு ஒரு காட்போட் மட்டைத் துண்டில் எழுதித் தந்தார்: ‘சேரின்ர கண் நல்லாச் சிரிச்சது. மற்றது ஒண்டும் விளங்கேல்லை.’

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. தெரிந்த தையற்காரரிடம் சொல்லி, வாய்ப்பக்கம் பிளாஸ்டிக் வைத்த முகக்கவசங்கள் தைப்பித்து, அவரோடு வேலை செய்கிறவர்களுக்குக் கொடுத்தேன். பத்து நிமிசத்தில் எல்லாம் மூச்சுப் பட்டு மங்கிவிட்டன. இனி இதையும் கழற்றச் சொல்வாரோ என்று பயந்துகொண்டு போய்க் கேட்டேன். அடுத்த காட்போட் வந்தது: ‘பரவாயில்லை சேர், வாய் அசையிறது தெரியுது. எல்லாரும் மீன் தொட்டிக்குள்ள நிண்டு கதைக்கிற மாதிரி இருக்கு.’

இரண்டில் ஒன்று

இனிச் சொல்வது எனக்குப் பெருமை தருகிற கதை இல்லை. பொதி கட்டுகிற பகுதியில் யோகராணி என்று ஒருவர். சம்பூரிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவ. வீட்டில் உழைக்கிற ஆள் அவ மட்டும்தான். சின்ன வயதிலிருந்தே கடுமையான ஒவ்வாமை. முதல் ஊசி போட்ட பத்தாவது நிமிசம் தொண்டை வீங்கி மூச்சு நின்று, டாக்டர்மார் பாடுபட்டுக் காப்பாற்றினார்கள். ‘இரண்டாவது ஊசி போடவே கூடாது’ என்று கடிதமும் கொடுத்தார்கள். மனேஜரிடம் காட்டினேன். “கடிதம் அட்டை ஆகாது” என்றார். சம்பளமில்லா லீவுக் கடிதம் தயாரித்துக் கையெழுத்து வைத்தேன்.

யோகராணி கேற்றடியில் நின்றபடியே அதை வாசித்தா. அழுவா என்று நினைத்தேன், அழவில்லை. வேலையில் சேரும்போது நிரப்பிய படிவம் நினைவிருக்கிறதா என்று கேட்டா. ‘உடல் இயலாமை ஏதும் உண்டா’ என்ற கேள்விக்கு, ‘இல்லை என்று போடுங்கோ, ஒவ்வாமை எல்லாம் அதுக்குள்ள வராது’ என்று சொல்லிக் கொடுத்தவன் நான்தான். “உங்கட படிவம் எனக்கு ஒரு குறையும் இல்லை எண்டுது. உங்கட கடிதம் நான் வேலைக்கு ஏலாத ஆள் எண்டுது. ரெண்டில ஒண்டைச் சொல்லுங்கோ சேர், முறைப்பாட்டில எழுதோணும்.”

காரில் கேட்ட புத்திமதி

சொன்னபடியே தொழில் கந்தோரில் முறைப்பாடு போட்டுவிட்டா. விசாரணைக்கு முந்தின நாள் ஃபைலை அடுக்கும்போதுதான் சுற்றறிக்கைக்கு இரண்டாம் பக்கம் இருந்ததைக் கண்டேன். மருத்துவக் காரணம் உள்ளவர்களுக்கு வேறு இடத்தில் வேலை கொடுக்கவேண்டும் என்று அதில் தெளிவாக இருந்தது. முதல் பக்கத்தை மொழிபெயர்த்த களைப்பில் நான் திருப்பிப் பார்க்கவேயில்லை. மனேஜரும் பார்த்திருக்கவில்லை. மறுநாள் காலை விசாரணைக்கு அவரோடு காரில் போகும்போது சொன்னேன். கார்க் கண்ணாடியை மேலே ஏற்றினார். பிறகு சொன்னார்: “அது ஃபைலுக்குள்ளயே இருக்கட்டும். கேட்டால் மட்டும் பாப்பம்.”

வேலை குறைந்த நாள்

விசாரணை அதிகாரி ஒரு அம்மா. “இந்த முடிவை எடுத்தது ஆர்?” என்று கேட்டா. மனேஜர் யன்னலைப் பார்த்தார். கடிதத்தில் இருந்தது என் கையெழுத்து. யோகராணி என்னைப் பார்க்கவில்லை, மடியிலிருந்த பையையே பார்த்துக்கொண்டிருந்தா. எனக்கும் இரண்டு பிள்ளைகள், எனக்கும் வேலை வேண்டும். ஆனாலும் இரண்டாம் பக்கத்தை எடுத்து மேசையில் வைத்தேன். “நான் இதை வாசிக்கேல்லை, பிழை என்ரது” என்றேன்.

அம்மா அதை இரண்டுதரம் வாசித்தா. யோகராணியைத் திரும்ப எடுக்கவேண்டும், வீட்டில் நின்ற நாளெல்லாம் வேலை செய்த நாளாகப் போடவேண்டும் என்று எழுதினா. மனேஜர் தலையாட்டினார். எழும்பும்போது அம்மா என்னைப் பார்த்துச் சொன்னா: “இப்பிடியான கடதாசியை நான்தான் தோண்டி எடுக்கிறனான். நீங்களே தந்திட்டீங்கள், இண்டைக்கு எனக்கு வேலை குறைவு.”

வெளியே வாசலில் யோகராணியிடம் மன்னிப்புக் கேட்டேன். கோபமில்லாமல்தான் பதில் வந்தது: “அதைக் கடிதத்தில எழுதித் தாங்கோ சேர். என்னை வெளியில விட்டதும் கடிதத்திலதானே.”

அன்றே எழுதிக் கொடுத்தேன். நான் எழுதியதிலேயே மிகச் சின்னக் கடிதம் அதுதான்.

இறங்குதுறைக் கொட்டில்

யோகராணிக்குக் கொடுத்த வேறு இடம், இறங்குதுறையில் வந்திறங்குகிற மீனை நிறுக்கிற கொட்டில். நாலு பக்கமும் திறந்தது, நாள் முழுக்கக் கடற்காற்று. உள்ளே குளிர் அறைகளில் விறைத்துக்கொண்டிருந்தவர்கள் இதைக் கண்டார்கள். அந்தக் கிழமையே என் கந்தோருக்கு ஒவ்வாமைக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். ஒருவருக்கு ஐஸ் ஒத்துக்கொள்ளாது, இன்னொருவருக்குக் கையுறை. எல்லாரிடமும் டாக்டரின் கடிதம் கேட்டேன், எல்லாரும் நாளைக்குக் கொண்டுவருவதாகச் சொல்லிப் போனார்கள்.

கடைசியாக நசீர் நானா கதவைச் சாத்திவிட்டு வந்து கதிரையில் உட்கார்ந்தார். சட்டைக் கையைச் சுருட்டி, ஒன்றுமே இல்லாத முழங்கையைக் காட்டினார். “எனக்கு மனேஜரைக் கண்டாத்தான் தடிக்குது சேர். அவர் வராத இடமா ஒண்டு பாத்துப் போடுங்களேன்.”

விதியை எழுதுகிறவர்கள் கொழும்பில் இருக்கிறார்கள், அதை அனுபவிக்கிறவர்கள் கேற்றில் நிற்கிறார்கள், நடுவில் மாட்டிக்கொண்ட எங்களுக்குத்தான் இன்னும் ஒரு ஊசியும் கண்டுபிடிக்கவில்லை.